ஆறு பருவமும் உருகும் வண்ணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

  

இம்மேடையில் ஆண்டுதோறும் கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பள்ளியிறுதித் தேர்வோடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புப் புரட்டி வரும் எமக்கு அத்தகைய பேச்சு இயலாது. செயலாளர் அவர்களோ விடுவதாக இல்லை. ஆதலின் அறியாத பெரும்பொருளைப் பேசுவதினும், எம் இல்லத்தில் செய்து பார்த்த சிறுபொருளைப் பேசுவதே தக்கது எனத் துணிந்தோம். பிள்ளைகள் பள்ளியில் பயன்படுத்தும் மெழுகு வண்ணக்கோலை, அதாவது கிரேயானை, சூடேற்றி உருக்கி, வீட்டார் அனைவரும் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து, பருவத்துக்கு ஒன்றாகப் படம் செய்யும் வேலையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலில் இவ்வேலை எதற்காக வேண்டியிருந்தது என்பதைக் கூற வேண்டும். கோல் மார்க்கெட்டில் தமிழர் வாழ்க்கை நேற்று இன்று தொடங்கியதன்று. 1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என அறிவிக்கப்பட்ட பின்னர், அலுவலகங்களோடு தமிழ்நாட்டு எழுத்தர்களும் இங்கு வந்து சேர்ந்தனர். 1921-இல் எழுந்த வட்டச் சந்தையைச் சுற்றிலும் அமைந்த அரசுக் குடியிருப்புகளில் அவர்கள் குடும்பம் நடத்தினர். தம் மக்கள் தாய்மொழியில் கற்க வேண்டும் என்று 1923-இல் கல்விச் சங்கம் ஒன்றைக் கண்டனர். அதுவே வளர்ந்து தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகி, மந்திர் மார்க்கிலும் பிற இடங்களிலும் பள்ளிகளாகத் திகழ்கிறது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கமும் தோன்றிற்று. இத்துணையும் செய்த தலைமுறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆயினும் பள்ளி ஊட்டும் தமிழ் ஒன்று. அடுக்களையிலும் கூடத்திலும் புழங்கும் தமிழ் மற்றொன்று. எம் பிள்ளைகள் பெற்றோரோடு தமிழ் பேசுவர். தமக்குள் பேசிக்கொள்வது இந்தியிலேதான். அண்ணனும் தங்கையும் சண்டையிடுவதும் இந்தியில். சமாதானம் ஆவதும் இந்தியில். உங்கள் இல்லங்களிலும் பெரும்பாலும் இவ்வாறே இருக்கும் என்பதை உங்கள் புன்முறுவல் காட்டுகிறது. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து அவர்களுடைய அப்பாயி, அதாவது எம் அன்னையார், இங்கு வந்து தங்கிய முதல் குளிர்காலத்தில் ஒன்றைக் கண்டோம். அவர் ஏதேனும் கேட்டால் பேரன் 'ஆமாம்' என்பான், 'இல்லை' என்பான், 'தெரியாது' என்பான். அதற்குமேல் பேச்சு நீளவில்லை. அன்புக்குக் குறைவில்லை, சொல்லுக்குத்தான் பஞ்சம். திருக்குறள் பத்து ஒப்பிக்கும் பிள்ளைக்குச் சீவு, துருவு, தூவு, ஒற்று, வழி, ஆற்று என்னும் சொற்கள் வரவில்லை. பெயர்ச்சொற்களைப் புத்தகம் தந்துவிடுகிறது. வினைச்சொற்களைக் கை வேலைதான் தர வேண்டியிருக்கிறது. கடையில் வாங்கிய மாவும், பொறியில் அரைத்த மசாலாவும் வந்தபின், குழந்தைகளின் கண்முன் வீட்டில் நடக்கும் வேலைகளே குறைந்துபோயின. வேலை குறைந்தால் அதற்குரிய சொல்லும் குறையும் அன்றோ?

இந்நிலையில்தான் ஒரு விடுமுறையில் எம் மகளுக்குப் பள்ளியிலிருந்து வீட்டுவேலை ஒன்று வந்தது. இலையுதிர்காலப் படம் ஒன்றை உருக்கிய கிரேயானால் செய்து வர வேண்டும் என்பது கட்டளை. மாதிரிப் படத்தில் மேலைநாட்டு மேப்பிள் இலைகள் செக்கச்செவேலென்று உதிர்ந்து கிடந்தன. அஃது அக்டோபர் மாதம். உதிர்ந்த இலையைத் தேடிக் குடியிருப்பின் வாயிலில் சுற்றிய சிறுமி வெறுங்கையோடு திரும்பினாள். வேம்பு பச்சையாக நின்றது, நாவல் பச்சையாக நின்றது, அரசும் அவ்வாறே. தில்லியில் மரங்கள் பெரும்பாலும் இலை உதிர்ப்பது மாசி பங்குனியில் அல்லவா? 'அப்பாயி, இங்கே இலையே விழவில்லையே, என்ன செய்வது?' என்று அவள் கேட்க, 'விழாத இலையை ஏண்டி வரையணும்? பூத்திருக்கிறதை வரை' என்றார் எம் அன்னையார். அப்பொழுது தெருவெல்லாம் மணம் வீசிப் பூத்திருந்தது ஏழிலைப்பாலை. வடநாட்டார் சப்தபர்ணி என்பதும் அதுவே. ஒரு கணுவில் ஏழு இலை சுற்றி நிற்பதால் இரு மொழியிலும் ஒரே பொருளில் பெயர். சாந்திநிகேதனத்தில் பட்டம் பெறுவோர்க்கு இம்மரத்தின் இலைக்கொத்தை அளிக்கும் வழக்கம் இருந்தது. சிறுமி இலைகளை எண்ணிப் பார்த்து, ஏழே இருக்கக் கண்டு கூவினாள். மற்றொரு கொத்தில் ஆறே இருந்தது வேறு கதை.

அன்று தொடங்கியது எம் இல்லத்து மெழுகுப் படம். மேலைநாட்டுப் பருவம் நான்கு. நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுதோ ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. ஆறுக்கும் ஆறு படம், இரு திங்களுக்கு ஒரு முறை, வீட்டார் அனைவரும் கூடிச் செய்வது என்று முடிவாயிற்று. பிறகு அண்டை வீட்டுக் குடும்பங்கள் இரண்டும் சேர்ந்துகொண்டன.

இனி மெழுகைப் பற்றிச் சில சொற்கள். கிரேயான் என்பது பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கும் பாரஃபின் மெழுகில் நிறப்பொடி கலந்து வார்த்த குச்சி. அமெரிக்காவில் பின்னி அண்டு ஸ்மித் என்னும் நிறுவனத்தார் 1903-இல் எட்டு நிறங்கள் கொண்ட பெட்டியை ஐந்து சென்ட்டுக்கு விற்கத் தொடங்கிய பின்னரே இது குழந்தைகளின் கைப்பொருளாயிற்று. ஆனால் மெழுகில் நிறம் கலந்து சூட்டால் படம் தீட்டும் கலை மிகப் பழையது. எகிப்து நாட்டின் ஃபயூம் பகுதியில், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், இறந்தோரின் முகத்தைத் தேன்மெழுகு வண்ணத்தால் மரப்பலகையில் எழுதி உடலோடு வைத்தனர். அம்முகங்கள் பல இன்றும் நிறம் மங்காமல் அருங்காட்சியகங்களிலிருந்து நம்மைப் பார்க்கின்றன.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? எம் ஊருக்கு அருகிலுள்ள சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கி, அதனால் தெய்வத் திருவுருவைச் சமைத்து, மண்பூசி, சூடேற்றி, மெழுகை வடித்துவிட்டு, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகம் வார்ப்பது தலைமுறை தலைமுறையாக ஸ்தபதிகளின் குடும்பத் தொழில். தந்தை உருவம் பிடிக்க மகன் மெழுகைப் பதப்படுத்தும் வீடுகள் அவை. சென்னைக்கருகே 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்தபொழுது, அவர்களுடைய வயிற்றுப்பாட்டுக்கு உதவியவற்றுள் ஒன்று துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் வேலை. ஆகவே மெழுகும் நாமும் அந்நியர் அல்லோம்.

மெழுகு என்னும் சொல்லையே பாருங்கள். தரையைச் சாணமிட்டு மெழுகுவதும் மெழுகு. தேனடையில் எஞ்சுவதும் மெழுகு. இதை எம் அன்னையார் சொல்லக் கேட்டுப் பிள்ளைகள் வியந்தனர். அரக்கு என்றொரு நிறம் உண்டு. புடவைக் கடையில் அதைக் கேட்டு வாங்குகிறோம். மரத்தில் ஒட்டிவாழும் சிறு பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கே அதன் மூலம். பணப்பைக்கும் பொட்டலத்துக்கும் அரக்கை உருக்கி முத்திரை வைத்த கதைகளை எம் அலுவலகத்து மூத்தோர் கூறுவர். கிரேயான் பெட்டியில் 'மெரூன்' என்று எழுதியிருந்ததை அன்று முதல் எம் வீட்டில் அரக்கு என்றே அழைக்கிறோம். அவ்வாறே கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல், காவி, தேன் நிறம் என்று பெட்டி முழுவதற்கும் அப்பாயி பெயர் சூட்டினார். குச்சிகளின்மேல் இருந்த ஆங்கிலத் தாளை உரித்துவிட்டபடியால் வேறு பெயர் சொல்லவும் வழியில்லை!

செய்முறையைக் கேட்போர் உளர், கூறிவிடுகிறோம். உடைந்த கிரேயான் துண்டுகளே போதும். காய்த்துருவியில் துருவியோ, பென்சில் சீவியில் சீவியோ பொடியாக்கிக்கொள்ள வேண்டும். துருவியைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகலாகாது, பழையதொன்றை ஒதுக்கிவிடுக. மேசையில் செய்தித்தாளைக் கனமாக விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் படத்தாள். பொடியைத் தூவி, மீண்டும் ஒரு பட்டர் பேப்பரால் மூடி, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரிச் சூட்டில் மெழுகு இளகிவிடும்; அதற்குமேல் சூடு வீண். மழை போன்று வழிய வேண்டுமாயின், முழுத்துண்டுகளை அட்டையின் மேல்விளிம்பில் ஒட்டி, அட்டையைச் சாய்த்து நிறுத்தி, கூந்தல் உலர்த்தும் கருவியால் சூடு காட்டலாம். ஆயில் பேஸ்டல் என்று ஒன்று விற்கிறார்கள். அது உருகினால் பிசுபிசுப்பாகவே நிற்கும், இறுகாது. வேண்டா.

எச்சரிக்கை சில உண்டு. மெழுகை நேரே அடுப்பில் வைத்து உருக்குவது தீங்கு. உருக்கியே ஆகவேண்டுமானால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்குக. ஒருகால் மெழுகில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. தட்டால் மூடி, அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிஞ்சிய மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைபடும். இஸ்திரிப் பெட்டியும் உலர்த்தியும் பெரியவர் கையிலேயே இருக்க வேண்டும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். தில்லிக் குளிரில் இது கசப்பான விதியே, ஆயினும் வேண்டும்.

இந்த வேலையில் மொழி எங்ஙனம் வந்தது என்பதே நாம் முக்கியமாகக் கூற விரும்புவது. முதல் நாள் பொடி இளகியதும் எம் மகன் 'பிகல் கயா!' என்று கத்தினான். 'உருகிப் போச்சுடா கண்ணா' என்றார் அப்பாயி. சிறிது நேரத்தில் அவன் தங்கையைப் பார்த்து, 'நீ உருகு, நான் தூவுகிறேன்' என்றான். வீடே சிரித்தது. 'அவள் உருகினால் நமக்கு மகள் ஏது? உருக்கு என்று சொல்' என்றாள் எம் இல்லத்தரசி. மெழுகு உருகும், நாம் உருக்குவோம். வண்ணம் பரவும், நாம் பரப்புவோம். தட்டு ஆறும், நாம் ஆற்றுவோம். தானே நிகழ்வதற்கும் ஒருவர் நிகழ்த்துவதற்கும் நம் மொழி ஓரெழுத்து ஈரெழுத்தில் வேறுபாடு காட்டுகிறது. உதிர் என்பதிலோ வேர்ச்சொல் மாறாது. இலை உதிர்ந்தது, மரம் இலையை உதிர்த்தது என்று வினைமுற்றில்தான் வேறுபாடு தெரியும். தன்வினை பிறவினை என்று இலக்கண நூலில் மனப்பாடம் செய்து மறந்த பாடம், மேசைமேல் சூடாக வந்து நின்றது.

ஈண்டு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தியிலும் இவ்வேறுபாடு உண்டு. உருகுதலுக்கு 'பிகல்னா', உருக்குதலுக்கு 'பிக்லானா'. எம் பிள்ளைகள் தமிழ் இணைகளை விரைவில் பற்றிக்கொண்டதற்கு அவர்களுடைய இந்தி அறிவே துணை செய்தது என்பது எம் எண்ணம். ஆகவே இந்தி பேசினால் தண்டம் என்று எந்த விதியும் மேசையில் வைக்கவில்லை. அண்டை வீட்டுத் தந்தையார் ஒருவர் தண்டம் வைக்கலாம் என்றார். வைத்திருந்தால் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு வேலை செய்திருப்பார்கள்; தமிழும் வந்திராது, இந்தியும் நின்றிருக்கும்.

இனிப் பருவங்கள். கார்காலப் படத்தில் சிக்கல் முதலிலேயே எழுந்தது. தொல்காப்பியம் கார் முதலிய பருவங்களைத் திணைகளோடு பிணைக்கிறது. உரையாசிரியர்கள் ஆவணி புரட்டாசியைக் காருக்குத் தந்து, அங்கிருந்து இரண்டிரண்டு மாதமாக எண்ணுகின்றனர். தில்லிக்கோ தென்மேற்குப் பருவமழை ஜூன் இறுதியிலேயே, நம் ஆனி மாதத்திலேயே, வந்துவிடுகிறது, புரட்டாசியில் விடைபெற்றுவிடுகிறது. 'அப்படியானால் தொல்காப்பியர் சொன்னது தப்பா?' என்றான் பையன். நூல் பிறந்த மண்ணின் வானம் வேறு, நாம் வாழும் மண்ணின் வானம் வேறு என்று விளக்கினோம். எனினும் அவன் நிறைவுறவில்லை. ஆறு பருவத்துக்கும் தில்லி மாதங்களை அவனே ஒரு தாளில் எழுதி, படங்களுக்கு அருகில் ஒட்டிவிட்டான். அப்பட்டியலில் கார் ஆனி இறுதியில் தொடங்குகிறது. உரையாசிரியர்கள் பொறுப்பார்களாக. மழைப்படத்தில் நீலமும் சாம்பலும் வழிந்தோட, கீழே கத்தரிப்பூ நிறத்தில் புள்ளி புள்ளியாக நாவற்பழம். 2022-இல் கர்த்தவ்யப் பாதை என்று பெயர் மாறிய ராஜபாதையில் நாவல் மரங்கள் நிற்பதும், மழை தொடங்கும் நாளில் நடைபாதையெல்லாம் பழம் விழுந்து கறைபடுவதும் நீங்கள் அறிந்தவையே. ஜன்பத்தில் நிற்பது மருதம். மருதத்திணை என்று படித்துவிட்டு மருத மரத்தைப் பாராமலே வயது முதிர்ந்தோர் உண்டு. நம் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்திலேயே அதன் நிழலில் நிற்கலாம்.

கூதிர்ப் படத்தைப் பற்றி முன்னரே கூறினோம். தீபாவளியிலும் கார்த்திகையிலும் எரிந்து மிஞ்சிய வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து, நிறத்தை இளக்கப் பயன்படுத்திக்கொண்டோம் என்பது மட்டும் புதிது.

முன்பனிதான் எங்களுக்கெல்லாம் உயிரான படம். மாலையிலேயே விழத் தொடங்குவது முன்பனி, விடியற்பொழுதில் விழுவது பின்பனி என்பர். சென்னையில் வாழும் குழந்தைக்கு இவ்விரண்டும் நூலில் உள்ள சொற்களே. மார்கழியின் இளங்குளிரை அறிவானேயன்றி, எதிர்வீட்டு விளக்கு மறையும் பனியை அவன் கண்டிலன். நம் பிள்ளைகளோ மார்கழி தை முழுவதும் அதன் நடுவில் நடந்து பள்ளி செல்கின்றனர். சங்கத்தார் பிரித்துக் கூறிய பனியை உள்ளபடி உணர்வதற்குத் தலைநகரத்துத் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த வாய்ப்பு தமிழ்நாட்டுச் சமவெளிப் பிள்ளைக்கு இல்லை. ஊரை விட்டு வந்ததால் பிள்ளைகள் இழந்தவற்றையே நாம் எந்நாளும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கிடைத்த ஒன்றும் உண்டு போலும்.

இரயில்வேயில் பணிபுரிவோர்க்குப் பனி என்றால் மற்றொரு பொருள். சமிக்ஞை விளக்கு ஓட்டுநர் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் சமிக்ஞைக்கு முன்பாகத் தண்டவாளத்தின்மேல் டெட்டனேட்டர் என்னும் வெடிச்சில்லைக் கட்டி வைப்பது நெடுநாள் வழக்கம். சக்கரம் ஏறியதும் அது வெடித்து எச்சரிக்கும். இக்காலத்தில் செயற்கைக்கோளின் துணையால் அடுத்த சமிக்ஞையை முன்கூட்டி அறிவிக்கும் கருவியும் இஞ்சினில் வைக்கிறார்கள். எனினும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். 1929-இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976-இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் பனிக்காலத்தில் காலந்தாழ்த்தி வருவதும், நிலையத்தில் நாம் போர்வைக்குள் ஒடுங்கிக் காத்திருப்பதும் இங்குள்ள யாவர்க்கும் பட்டறிவு. பொங்கலுக்கு வரும் பாட்டியும் கரும்பும் பனியில் சிக்கி நிற்பது ஆண்டுதோறும் நிகழ்வதே.

ஆகவே முன்பனிப் படத்தில் இரயில் நிலையம் வந்தது. முதலில் தண்டவாளம், மஞ்சள் சமிக்ஞை, தூரத்தே இஞ்சினின் விளக்கு இவற்றை அழுத்தமான நிறங்களால் உருக்கி இறுகவிட்டோம். பிறகு வெள்ளைக் கிரேயானும் மெழுகுவர்த்தித் துருவலும் கலந்து மேலே மெல்லியதாகத் தூவி, இலேசாகச் சூடு காட்டினோம். வெண்மெழுகு படர்ந்தது, அதனூடே மஞ்சள் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. வண்ணக்குழம்பால் தீட்டும் படத்தில் இத்தோற்றத்தைக் கொணர்வது எளிதன்று. மெழுகுக்குப் பாதி மறைத்துப் பாதி காட்டும் இயல்பு உண்டு. பனியின் இயல்பும் அதுவே. எம் அன்னையார் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, தாம் வந்த வண்டி மதுராவுக்கு அப்பால் நள்ளிரவில் நின்றதையும், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் வெளியே ஒன்றும் தெரியாததையும், தம் மகன் நிலையத்தில் எத்தனை நேரம் நிற்பானோ என்று கவலையுற்றதையும் சொல்லத் தொடங்கினார். பேரன் கேள்விமேல் கேள்வி கேட்டான். 'ஆமாம், இல்லை, தெரியாது' என்னும் மூன்று சொல்லோடு நின்ற பேச்சு, அன்றிரவு பத்து மணி வரையில் நீண்டது. இடையிடையே இந்தியும் வந்தது, வரட்டும்.

பின்பனிக் காலம் பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம். கணக்குத் தேர்வுக்கும் அறிவியல் தேர்வுக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில் செய்த படம் அது. முள்ளிலவம் இலையின்றிச் செம்பூவோடு நிற்க, வேம்பும் அரசும் இலை உதிர்க்கும் நேரம். மகளுக்கு அக்டோபரில் கிடைக்காத உதிர்ந்த இலைகள் இப்பொழுது கூடை கூடையாகக் கிடைத்தன. அரசிலையைத் தாளுக்கடியில் வைத்துக் கிரேயானால் உரைத்து நரம்பைப் பதித்து, மேலே அரக்கும் காவியும் உருக்கினாள்.

இளவேனிலில் வேப்பம்பூ, புத்தாண்டுப் பச்சடிக்கு வைத்திருந்ததில் ஒரு பிடியைப் பிள்ளைகள் கவர்ந்து படத்தில் ஒட்டியது அடுக்களையில் சிறு பூசலை விளைத்தது. அதன்பின் மே மாதத்தில் சரக்கொன்றை. சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்து மலர். குறுந்தொகை அறுபத்தாறாம் பாடலில், தலைவன் சொன்ன பருவம் வந்துவிட்டதோ என்று வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள்; காலமல்லாத காலத்து மழையைக் கார் என்று மயங்கிப் பூத்துவிட்ட பேதைக் கொன்றை இது என்கிறாள். தில்லிக் கொன்றையோ மழையே இல்லாமல், கொளுத்தும் வெயிலில் மஞ்சள் சரம் சரமாகத் தொங்குகிறது. 'அந்தக் கொன்றைக்கு இந்தக் கொன்றை அக்காவா, தங்கையா?' என்பது எம் மகளின் ஐயம். புலவர் எவரேனும் அவையில் இருப்பின் விழா முடிந்தபின் அவளுக்கு விடை கூறுக.

முதுவேனிலில் மின்சாரமும் இஸ்திரிப் பெட்டியும் வேண்டியதில்லை. லூ என்னும் அனற்காற்று வீசும் நாளில், கருவண்ணம் பூசிய தகரத் தட்டில் கிரேயான் துண்டுகளைப் பரப்பி, நண்பகலில் மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டோம். மாலையில் ஏறிப் பார்த்தால் கதிரவனே படம் முடித்து வைத்திருந்தான். ஒன்று மட்டும்: அத்தட்டை வெறுங்கையால் தொடலாகாது, துணி வேண்டும்.

நம் பெரியவர் ஒருவர், 'வாசலில் கோலம் இருக்க, மெழுகு எதற்கு? இது வெள்ளைக்காரன் விளையாட்டு' என்று எம்மிடம் வினவினார். நியாயமான கேள்வி. கோலத்தை நாங்கள் விட்டுவிடவில்லை. மார்கழியில் இன்றும் இடுகிறோம். ஆனால் மூன்றாம் மாடியில் எமக்கு வாய்த்த வாசல் நாலடி அகலம். அதில் ஒருவர் குனிந்தால் மற்றொருவர் நிற்க இடமில்லை. முழங்கால் நோயுள்ள அப்பாயி குனிய இயலாது. ஆண்பிள்ளை கோலமிட வரமாட்டேன் என்கிறான். தந்தையும் வந்ததில்லை என்பதை அவன் அறிவான். மேசையைச் சுற்றியோ எழுவரும் எண்மரும் அமரலாம். ஒருவர் சீவ, ஒருவர் தூவ, ஒருவர் ஒற்ற, ஒருவர் குறைகூற இடமுண்டு. குறைகூறும் பணி பெரும்பாலும் எமக்கே வாய்க்கிறது.

எல்லாம் நிறைவேறிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. மேசையை விட்டெழுந்ததும் அண்ணனும் தங்கையும் மீண்டும் இந்தியில்தான் சண்டையிடுகின்றனர். அப்பாயி ஊருக்குத் திரும்பியபின் தொலைபேசியில் பேச்சு முன்போல் ஓரிரு சொல்லில் முடிந்துவிடுமோ என்னும் அச்சம் இருந்தது. இப்பொழுது ஞாயிறுதோறும் அவர் அழைத்து, 'இந்த வாரம் அங்கே என்னடா பூத்திருக்கு?' என்று கேட்கிறார். அதற்கு 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ விடை சொல்ல இயலாது. பேரன் பால்கனிக்குச் சென்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஆறு படங்களும் இம்மண்டபத்தின் தென்சுவரில் தொங்குகின்றன. விளக்கின் சூடு படாத இடமாகப் பார்த்து மாட்டித் தந்த இளைஞர்களுக்கு நன்றி. குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாம். நகத்தால் சுரண்ட வேண்டா. வாயிலருகே பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். உங்கள் இல்லங்களில் உடைந்து கிடக்கும் கிரேயான் துண்டுகளை அடுத்த கூட்டத்துக்கு வரும்பொழுது அதில் இட்டால், வேண்டும் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிப்போம். வெள்ளைத் துண்டுகள் மிகுதியாக வேண்டும், பனிக்காலம் வருகிறது.

நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னிருந்து சைகை காட்டுகின்றனர்.